கொள்ளி வைத்தவன்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பட்டாளத்தை இலங்கைக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் காவாந்தண்டலம், என் சிநேகிதன் பக்கத்தில் செய்யாற்றங்கரை மாகறல். ஒன்றாக ஆளெடுப்பில் தேறி, ஒரே கம்பெனிக்குப் போனவர்கள். கம்பெனியில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் யாழ்ப்பாணத்துப் பக்கம் வீடுகளைச் சோதனை போடும்போதெல்லாம் எங்களையே முன்னால் விடுவார்கள்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் கதவை மறித்து நின்றார். "தம்பிமார் தமிழோ? பிறகென்ன சப்பாத்துக் காலோட உள்ளுக்கு வாறியள்?" என்று கேட்டார். அவன் அப்படியே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். பின்னாலிருந்து ஹவில்தார் இந்தியில் கத்தினார். பூட்ஸோடுதான் உள்ளே போனோம். அரிசிப் பானையைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் அவன், "நம்ம வூட்ல இப்டி யாராவது பூந்தா எங்கம்மா வுடுமாடா?" என்றான்.

சில வாரம் கழித்து, தண்ணீர் எடுத்துவரப் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அவன் அதில் இருந்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை என்றார்கள். பனைமரங்களுக்கு நடுவே கட்டை அடுக்கினோம். "நீதான் ஊர்க்காரன், நீயே கொள்ளி வை" என்று அதிகாரி இந்தியில் சொன்னார். வைத்தேன். எரிந்து முடியும்வரை சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. புகையைப் பார்த்து யாராவது சுட வருவார்களோ என்ற பயம்தான் இருந்தது.

லீவு கிடைத்ததும் சாம்பல் கலயத்தோடு மாகறலுக்குப் போனேன். தந்தி முன்பே வந்திருந்தது. உடலைப் பார்க்காததால் அவர்கள் காரியம் எதுவும் செய்திருக்கவில்லை. அவன் அம்மா கலயத்தைத் தொடவே இல்லை. "இதுல இன்னா கீது? எம்புள்ளயா கீறான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் அப்பாதான் என் எதிரில் உட்கார்ந்தார்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"நான்தான் மாமா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப கருமாதியும் நீயே பண்ணிடு கண்ணு. கொள்ளி வெச்சவன்தான் முடிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் அம்மா கத்தித் தீர்த்துவிட்டார். "பெத்தவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கீறோம். நீ மொட்ட அட்ச்சிக்கினு வந்து நிப்பியா? மறுபடியும் அந்தச் சண்டைக்குத்தான போவப்போற!"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "இவன் போயிருந்தா அவன்தான்டி வெச்சிருப்பான்."



செய்யாற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மொட்டையடித்துக்கொண்டு இறங்கினேன். கொட்டிய சாம்பல் போகாமல் என் காலைச் சுற்றியே நின்றது. கையால் தள்ளித் தள்ளி விட்டேன். கரையில் அவன் அப்பா என் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீவு முடிந்து நான் கிளம்பும்போது அம்மா என் தலையைப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே விபூதி பூசினார்.

அதற்கப்புறமும் பல மாதங்கள் அந்த மண்ணில் இருந்தேன். இன்னும் சிலருக்குக் கட்டை அடுக்கினோம். சோதனைக்குப் போன வீடுகளில் நான் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். கையைக் காட்டியே வேலையை முடித்தேன்.

கடைசியில் எங்களைக் கப்பலில் சென்னைக்குத் திருப்பி அனுப்பினார்கள். துறைமுக வாசலில் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் அவன் அப்பாவும். என் அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவன் அப்பா அழவில்லை. வெளியே வருகிற ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மாமா இவ்ளோ தூரம்?"

"சும்மாதான். உங்கப்பன் கெளம்பினான், நானும் வந்தேன்."

போகலாம் என்று அப்பா பெட்டியைத் தூக்கினார். அவன் அப்பா நகரவில்லை. நான் அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். கடைசி ஆள் வெளியே வந்து, காவலாளி கேட்டைச் சாத்தும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.