ஒளிர்ந்த மீனும் மூடிய கடையும்

காசிம் நானா மீன்கடையை மூடிவிட்டார். போன வாரம் ஹட்டன் சந்தைக்குப் போனவன், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மனசே சரியில்லை.

எல்லாம் ஒரு குப்பி விளக்கு அணைந்ததில் ஆரம்பித்தது.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மா நானாவிடம் பாரை மீன் வாங்கிப் போயிருந்தாள். லயத்து வீட்டுக்குள் காற்று விளக்கை அணைத்ததும் பார்த்தால்... சட்டியிலிருந்த மீன் நீலமாக ஒளிர்கிறது!

“பேய் புடிச்ச மீனு!” என்று அவள் அலறியது, மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஹட்டனுக்கும்.

கலங்கிப்போன நானா, என் அடுத்த வீட்டு மேரி டீச்சரிடம் ஓடிவந்தார். விஞ்ஞானம் படிப்பிப்பவர். நானும் அங்கே இருந்தேன்.

“அது பேய் இல்லைங்க நானா, பக்டீரியா. கடல் மீன்ல இருக்கும். நம்ம குளிரு அதுக்கு நல்லா ஒத்துக்கும். ஒண்ணு ரெண்டு இருந்தா வெளிச்சம் போடாது. ஒவ்வொண்ணும் ஒரு இரசாயனத்த வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அதுவும் பெருகும். ஓரளவுக்கு வந்ததும், போதுமான பேரு சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சு, எல்லாம் ஒண்ணா ஒளிரும். இப்பத்தான், எழுபதாம் வருசம் கண்டுபுடிச்சாங்க.”

“அதுங்களும் பேசிக்குதா டீச்சர்?”

“ஒரு மாதிரி பேச்சுத்தான்.”

டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நேரில் காட்டினால் சனங்களின் பயம் போய்விடும் என்று நினைத்தார். யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்?

மீன் தோலை உப்புத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பக்டீரியாக் கூட்டம் பெருகியதும், நானாவின் கடைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஆட்கள் முன்னால் போத்தலைக் குலுக்கினார். நீல வெளிச்சம் குபீரென்று எழுந்தது. எவ்வளவு அழகு! எனக்கு மட்டும்தான் போல...

“பாத்தீங்களா, டீச்சரே காட்டிட்டாங்க! மீனுக்குள்ள என்னமோ இருக்கு!” என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். டீச்சர் தொண்டை கிழியச் சொன்ன விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. அதுவரை வதந்தியை நம்பாமல் வாங்கிக்கொண்டிருந்த சிலரும் நின்றுவிட்டார்கள்.

நானா இப்போது ராகலைப் பக்கம் மரக்கறி வியாபாரத்துக்குப் போகிறாராம். புறப்படுமுன் டீச்சரிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

“நான் சும்மா இருந்திருக்கணும் நானா.”

“நீங்க நல்லதுதானே நெனச்சீங்க டீச்சர். அழாதீங்க.”

ஆறுதல் சொல்லவேண்டியவர் யார், சொன்னவர் யார்! கண்ணால் பார்த்தால் சந்தேகம் தீரும் என்கிறோம். பயந்துபோன கண் எதைப் பார்த்தாலும் பயத்தைத்தானே பார்க்கிறது?

இத்தனைக்கும் — நானாவின் மீனைச் சாப்பிட்டு ஒருவருக்கும் வயிறு வலித்ததாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.