ராக்கி வான்ஸைப் புதைத்த இடம்

வெர்லன் டிட்வெல் எங்கள் ஊர் ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி கட்டுகிறவர். நான் அங்கே எடை போடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சோளரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுச் சாப்பிடுவார். பேச்சு கிடையாது.

இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு பாட்டு எழுதி, தானே பாடி இசைத்தட்டாக்கினார். இன்று அதை ராக்கபிலி என்கிறார்கள். அன்று எங்கள் ஆர்க்கன்சா மாநிலத்தில் அது சனிக்கிழமை நடனத்துக்கு ஆகிற சத்தம், அவ்வளவுதான். வானொலியில் மதிய நிகழ்ச்சி நடத்திய ஹாஸ்கல் புரூவிட் ஏற்பாடு செய்தார். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அப்படிப் போட்டுக்கொள்வது வழக்கம். மறுத்தால் தட்டு வானொலி ஏறாது. பாடியவர் பெயரும் மாறியது.

"டிட்வெல்னா மாட்டுத்தீவனம் விக்கிறவன் மாதிரி இருக்குடா" என்று சொல்லி ஹாஸ்கல் அதை ராக்கி வான்ஸ் என அச்சடித்தார்.

தட்டு விற்கவில்லை. ஒருநாள் ஹாஸ்கல் கேட்டார்: "வெர்ல், ராக்கி வான்ஸ் கார் கவுந்து செத்துட்டான்னு மைக்ல சொல்லிடவா? செத்தவன் பாட்டுக்குத்தான் இப்ப மவுசு."

வெர்லன் சிரித்தார். "சொல்லேன். அவன் என்ன எனக்கு மாமனா மச்சானா?"

ஹாஸ்கல் தொண்டை கம்மச் சொன்னார். பெண்கள் வானொலி நிலையத்துக்குப் பூ அனுப்பினார்கள். தட்டுகள் தீர்ந்தன. அப்புறம் நடனக் கூடங்களிலிருந்து கேட்டபோது அனுப்ப ராக்கி வான்ஸ் இல்லை. வெர்லன் டிட்வெல் யார் என்று அங்கே எவருக்கும் தெரியாது. அவர் மில்லுக்கு வேலைக்குப் போனார்; வருஷங்கள் ஓடின.

போன வசந்தத்தில் லண்டனிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். பங்க் என்கிற முரட்டுப் பாட்டுக் குழு, காதில் ஊக்கு, கிழிந்த சட்டை. அந்தப் பாட்டைத் தலைதெறிக்கும் வேகத்தில் பாடி அங்கே பேர் வாங்கியிருந்தார்கள். பக்கத்து மெம்பிஸ் நகரில் கச்சேரிக்கு வந்தவர்கள், பாட்டை எழுதியவர் என்று தட்டில் போட்டிருந்த ஹாஸ்கலைப் பார்க்க எங்கள் ஊருக்கு வண்டியைத் திருப்பினார்கள். கெளுத்தி மீன் பொரிக்கும் கடையில் விருந்து. வெர்லனும் இஸ்திரி போட்ட சட்டையோடு, கிதாரோடு வந்தார்.

"இன்னிக்காவது வாயத் தெற" என்று அவர் மனைவி ஓலீன் முழங்கையால் இடித்தாள்.

அவர் எழுந்தார். "தம்பிகளா, அந்தத் தட்டுல பாடினது நான்தான். எழுதினதும் நான்தான்."

ஹாஸ்கல் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "அப்பப்ப ஒருத்தன் இப்படிக் கெளம்பிடறான். ராக்கியக் குழியில எறக்கினதே நான்தான்."

கடையில் பாதிப்பேருக்கு உண்மை தெரியும். ஹாஸ்கல் இப்போது மில்லில் பங்குதாரர். எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாடுங்களேன், கேப்போம்" என்றான் ஊக்குப் பையன்.

பாடினார். தட்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் விக்கி எகிறும். அந்த இடம் வந்தபோது பல்செட் கழன்று நாக்கில் இடித்தது. கையால் பொத்திக்கொண்டு கடைசிவரை பாடினார்.

பையன்கள் அன்பாகக் கைதட்டினார்கள். அதுதான் கொடுமை.

"நல்லாத்தான் பாடறீங்க ஐயா" என்றான் அவன். "ஆனா ராக்கி தொண்டையில ஒரு வெறி இருக்கும். சீக்கிரம் சாகப்போறவன்னு அந்தக் குரல்லயே தெரியும்."

"சாகலடா மடையா! தெனமும் எம் பக்கத்துலதான் கொறட்டை விடுறாரு!" என்று ஓலீன் கத்தினாள். பையன்கள் சிரித்தார்கள்.

கல்லறையில் பூ வைக்க வேண்டும் என்றார்கள். ஹாஸ்கல் அழைத்துப்போய் பெயரில்லாத ஒரு மண்மேட்டைக் காட்டினார். அதன் முன் தலைகுனிந்து நிற்கும் படம் அவர்களுடைய அடுத்த தட்டின் உறையில் வந்தது. மில்லில் யாரோ அதைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினார்கள்.

"டேய் ராக்கி, செத்தவனுக்கு எதுக்குடா ரொட்டி?" என்று சாப்பாட்டு நேரத்தில் மில் ஆட்கள் கேலி செய்தார்கள்.

முதலில் அவர் காதில் வாங்காததுபோல் இருந்தார். இப்போது அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்க்கிறார். வெர்லன் என்று கூப்பிட்டால்தான் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது.