சவேலியின் இடது கை

சவேலி வோல்கா ஆற்றங்கரையில் நாற்பது வருடம் சுவர் பூசியவர். இந்த முதியோர் இல்லத்தின் கிழக்குச் சுவர்கூட அவர் பூசியதுதான். இன்றுவரை விரிசல் இல்லை. மனைவி இறந்த பிறகு துணிப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். நான் இங்கே பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எனக்கு எழுபது ஆகப்போகிறது, இன்னும் முதுகு தாங்குகிறது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் தவறாமல் தொலைக்காட்சியில் போடுகிறார்களே, அந்தச் சிரிப்புப் படம், அதை எடுத்தது எங்கள் ஊரில். கல்யாண வீட்டில் கதாநாயகன் அவசரமாகச் சுவர் பூசுவான். சாந்து பூசும் கரணையை உதறுவான், சாந்துக் கட்டி பறந்துபோய்ப் பின்னால் நிற்கும் மாமனாரின் மூஞ்சியில் அப்பும். அடுத்த நொடி ஏறி நின்ற பலகை கவிழ்ந்து சுண்ணாம்புத் தொட்டியில் விழுவான். ஐம்பது வருடமாக நாடே சிரிக்கிறது. அங்கே முதுகைக் காட்டிப் பூசுவதும் விழுவதும் தான்தான் என்பார் சவேலி. நடிகருக்குக் கரணை பிடிக்கவே வரவில்லையாம்.

யாரும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் கென்ரிக்தான் அதில் முதல் ஆள்.

"யோவ், முகம் தெரியறப்போ கரணை வலது கையில. முதுகு தெரிஞ்சா இடது கையில. ஊருக்கே தெரிஞ்ச தப்பு அது. நீ வலது கையாலதானே எழுதற?"

"எழுதறது வலது. பூசறது இடது. உன்னை மாதிரி ஒரு வாத்தி சின்ன வயசுல என் இடது கையைக் கட்டிப் போட்டான்யா."

"அளக்காத."

போன இலையுதிர் காலத்தில் சவேலிக்கு வலப்பக்கம் பக்கவாதம் வந்தது. இடது கை பழகாதவர்கள் ஒரு மாதமாவது சூப்பை மார்பில் கொட்டிக்கொள்வார்கள். இவர் முதல் நாளே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு அன்றே விளங்கிவிட்டது. ஆனால் நான் சொன்னால் பரிந்து பேசுகிறேன் என்பார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, தொலைக்காட்சி இருக்கும் கூடத்துக்கு வர மறுத்தார்.

"வேணாம் ஸோயாம்மா. அவங்க படத்தைப் பார்த்தா சிரிக்கறாங்க? என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. பொய்யன்னு சொல்ற கூட்டத்துல உட்கார மாட்டேன்."

"உட்கார யாரு கூப்பிட்டா? வேலைக்கு வாங்க. சாலட்டுக்கு ஆள் இல்ல."

சக்கர நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளிவந்து மீன் சாலட் தட்டை முன்னே வைத்தேன். மீன், உருளைக்கிழங்கு, பீட்ரூட். மேலே மயோனைஸ் பூச வேண்டும். தட்டையான கத்தியை அவர் இடது கையில் கொடுத்தேன். கைக்கும் பயிற்சி. முனகிக்கொண்டே பூசினார். ஓரம் கட்டி, நடுவை இழுத்து, புதுச்சுவர் மாதிரி.

தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தது. சவேலி தலையே தூக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கென்ரிக், "பாருங்க, கரணை இடது கைக்குப் போயிடுச்சு!" என்று ஆரம்பித்தார்.

அந்தக் காட்சியின் இசை காதில் விழுந்ததும் சவேலியின் கை தானாக எழும்பியது. திரையில் அந்த முதுகு மணிக்கட்டைத் தோளுக்கு மேல் உதறியது. இங்கே சவேலியும் உதறினார். அதே திருகல். அங்கே மாமனார் மூஞ்சியில் சாந்து. இங்கே கென்ரிக்கின் மூக்குக்கண்ணாடியில் மயோனைஸ்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. சமையல்காரி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கென்ரிக் கண்ணாடியைக் கழற்றினார். விரலால் வழித்து நக்கினார்.

"உப்பு கம்மி," என்றார். பிறகு, "தொட்டியில எத்தனை தடவை விழுந்த?"

"பதினொண்ணு."

ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் அந்தப் படத்தின் இடது கைத் தப்பைச் சொல்லிச் சிரித்தாள். கென்ரிக் தடியைத் தரையில் தட்டினார்.

"தப்பா? எந்திரி. அது எங்க சவேலியோட கை. போய்க் குலுக்கிட்டு வா. அந்தக் கை இல்ல, இடது கையை நீட்டு."