மானுக்காகப் பொரிக்காத வாரம்

போன மாதம் ஒரு மான் என்னை மோந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டது. நூறு மீற்றர் தள்ளி நின்று!

சிரிக்காதீர்கள். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? வேட்டைப் பாதுகாப்புக் கோர்ஸ், பரீட்சை, லைசென்ஸ், கோடை முழுக்கக் குறி பார்த்துப் பயிற்சி, புத்தம்புது ஜாக்கெட்...

என்னோடு வேலை செய்யும் ஐலாவின் குடும்பத்துக்கு, ரொறொன்ரோவை அடுத்த ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு காடு இருக்கிறது. ஸ்கொட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே செய்த வேலையையே இங்கேயும் செய்கிறார்கள். மான்களை எண்ணுவார்கள். இளம் மரக்கன்றுகளை அவை எவ்வளவு கடித்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். மான்கள் கூடிப்போனால் குறைப்பார்கள். குறைப்பது என்றால்... சுடுவதுதான். பலவீனமானது முதலில்.

இந்த முறை அது ஒரு பெண்மான். கார் அடித்துப் பின்னங்கால் முறிந்து, கோணலாக ஒட்டியிருந்தது.

"ஆழமாகப் பனி விழுந்தால் இதால் நடக்க முடியாது" என்றாள் ஐலா. "பட்டினியில் சாகும். இல்லாவிட்டால் கொயோட்டி நரிகள் உயிரோடு தின்னும்."

வேட்டை சீசன் முடிய இரண்டு சனிக்கிழமைகள்தான் இருந்தன. நான் சுடுவதென்று முடிவானது.

முதல் சனிக்கிழமை, ஈர இலைகளில் வயிற்றால் ஊர்ந்து போனோம். மான் தெரிந்தது. துவக்கைத் தோளில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. மான் தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. மூன்று காலில் துள்ளித் துள்ளி மறைந்துவிட்டது.

ஐலா என் தோளை மோந்தாள். "நேற்று உன் வீட்டில் என்ன சமையல்?"

வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி இல்லை, மரக்கறிதான். மரக்கறி என்றால் மோர்மிளகாய் பொரிக்காமல் இருப்பார்களா? எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுமுன் ஜாக்கெட்டுகளை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது ரொறொன்ரோவில் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரிந்த விஷயம். நானோ புது ஜாக்கெட்டை அழகு பார்ப்பதற்காகப் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தேன்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். நான் துவக்குப் பிடிப்பது அவருக்குத் துளியும் பிடிக்காது.

"நல்லது. அது தப்பிட்டுது" என்றார்.

"தப்பேல்லை அம்மா. மூண்டு காலில எவ்வளவு தூரம் ஓடும்? பனி வந்தா கிடந்து சித்திரவதைப்படும்."

ஜாக்கெட்டை இரண்டு தரம் வாசனையில்லாத சோப்பில் தோய்த்து, வீட்டுக்குப் பின்னால் மரத்தள டெக்கில் கட்டித் தொங்கவிட்டேன்.

மறுநாள் பருப்புக்குத் தாளிதம் இல்லை. திங்கள் அவித்த கிழங்கு. செவ்வாயும் ஏதோ அவித்ததுதான். புதன்கிழமை அப்பா பொறுமை இழந்தார்.

"மானுக்காக விரதம் இருக்கிற ஒரே வீடு எங்கடதான். ஒரு முட்டையாவது பொரியுமன்."

"சனிக்கிழமைக்குப் பிறகு" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

சம்மதம் என்று ஒரு சொல் சொல்லாமல் ஒருவர் இப்படியும் கூட வரலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை. அதே மான், ஒரு சீடர் மரத்தடியில். இந்த முறை அது எங்களை மோப்பம் பிடிக்கவில்லை. நான் துவக்கின் விசைக்கு விரலைக் கொண்டுபோனேன். ஐலா என் கையைப் பிடித்தாள்.

"பொறு. பின்னால் குட்டி வருகிறதா என்று பார். வந்தால் கதை வேறு."

ஒரு மணித்தியாலம் கிடந்தோம். ஒரு உயிரைக் கொல்லப் போகிறவர்கள் அதை இவ்வளவு நேரம், இவ்வளவு கவனமாகப் பார்ப்பார்களா? முறிந்த காலை அது நிலத்தில் வைக்கவே இல்லை. எதையோ மென்றுகொண்டிருந்தது. குட்டி வரவில்லை. வேறு எந்த மானும் வரவில்லை.

ஒரே வெடி. அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

என் முதல் மான்! குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. அதன் கழுத்தில் கை வைத்தேன் — சூடாக இருந்தது.

திரும்பும் வழியில் காரிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"முடிஞ்சுது அம்மா. அதுக்கு ஒண்டும் தெரியேல்லை."

"தனியவோ நிண்டது?"

"ஓம். ஒரு மணித்தியாலம் பாத்தனாங்கள். குட்டியும் இல்லை, ஒருத்தரும் இல்லை."

"அப்ப சரி" என்றார் அம்மா. "அதைத் தேடி அலைய ஆக்களில்லை." ஊரில் காணாமல்போனவர்களைத் தேடி அலைந்தவர்களைத் தெரிந்தவர் அவர்.

ஒஷாவாவில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, ஒரு காப்பிக்கடை வாசலில் பத்து நிமிடம் காரை நிறுத்தி வைத்திருந்தேன். காப்பி வாங்கவில்லை.