கப்பல் தலைவிக்கு மாப்பிள்ளை

வானத்தில் பறக்கும் ஒரு கப்பலின் தலைவி யாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது பற்றி நான் ஆறு பத்தி எழுதியிருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நான் எழுதிய எதையும் யாரும் விரும்பிப் படித்ததில்லை. ஓய்வு பெற்றபின் எழுதிய இந்த ஆறு பத்தியை மணிலாவிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து படித்தார்கள். பாராட்டினார்கள். என் மகள் ஒருத்திதான் அதை நம்பவும் செய்தாள். அதுதான் நடந்த கேடு.

தொடர் ஜப்பானில் எடுத்தது. அனிமே என்று சொல்ல வேண்டும். கார்ட்டூன் என்றால் மகளுக்கு மூக்கு விடைத்துவிடும். எங்கள் டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட் வந்த வருடம் அது. அவளுக்கு இருபத்தாறு வயது. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிவகாசி போய், ஒரு அச்சுக் கம்பெனியில் காலண்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் கம்ப்யூட்டரில் வடிவம் அமைக்கும் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து முகம் கழுவி, காப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடும் இணையக் களத்தில் சண்டை.

சண்டை இதுதான். கப்பலுக்கு ஒரு பெண் தலைவி. அவளைச் சுற்றி இரண்டு ஆண்கள். ஒருவன் படைத்தலைவரின் மகன். நாற்பதாவது பாகத்தில் வெள்ளை உடுப்போடு வந்து சேர்ந்தவன். இன்னொருவன் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். முதல் பாகத்திலிருந்து இருக்கிறான், மூஞ்சியில் கரியோடு. தலைவி யாரைக் கட்டுவாள்? உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அவள் எந்தக் காட்சியில் யாரைப் பார்த்தாள், எத்தனை நொடி பார்த்தாள் என்று பதிவுகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் எஞ்சின் அறைக் கட்சி. எதிர்க்கட்சியில் ஒரு சிங்கப்பூர்க்காரர் அவளை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இவனுக்கு ஒரு பதில் எழுதணும். எனக்குக் கோவம்தான் வருது, பாயிண்டு வரல. நீங்க எழுதிக் குடுங்க."

"என்னத்தா, நான் கலெக்டருக்கு எழுதினவன். காக்கா நரிக்கெல்லாம் எழுத முடியாது."

"காக்காவும் இல்ல, நரியும் இல்ல. ரெண்டு மனுசங்க. யாரு தகுதின்னு கேக்காங்க. உங்க சப்ஜெக்ட்தான?"

உண்மைதான். யார் தகுதி என்பதைத் தாளில் நிரூபிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து எல்லாப் பாகத்தையும் பார்த்தேன், குறிப்பெடுத்தேன். பிறகு ஆங்கிலத்தில் ஒரு மேல்முறையீடு வரைந்தேன். முதல் பத்தி பணிமூப்பு: எஞ்சின் அறைக்காரன் கீழிருந்து வந்தவன், மற்றவன் நேரடி நியமனம், எனவே முன்னவனுக்கே முன்னுரிமை. இரண்டும் மூன்றும் ஆபத்துக் காலத்தில் அவன் ஆற்றிய பணி, பாக எண்களுடன். நான்காவது பத்தியில், பிறந்த குடும்பம் ஒரு தகுதியாக எந்த விதியிலும் சொல்லப்படவில்லை என்று எழுதினேன். ஐந்தாவது, அவன் வாய்திறந்து கேட்கவில்லை என்பதை விருப்பமின்மையாகக் கொள்ளக்கூடாது. ஆறாவது, காலதாமதம் ஈடுசெய்ய முடியாத இழப்பை உண்டாக்குமாதலால் உடனே ஆணையிட வேண்டும்.

களம் அதிர்ந்துபோயிற்று. சிங்கப்பூர்க்காரர் இரண்டு நாள் பதில் போடவில்லை. அதன்பின் என் மகளை எல்லாரும் "வக்கீலம்மா" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் சிரித்து நான் அவ்வளவு பார்த்ததில்லை. எனக்கும் பென்ஷன் வாங்கியபின் முதல்முறையாக முதுகு நிமிர்ந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேட்க வேண்டும். சைக்கிள் வேண்டுமா, பள்ளிக்கூடச் சுற்றுலா போக வேண்டுமா, பொருள், காரணம், வேண்டுதல் என்று எழுதி என் மேசையில் வைக்க வேண்டும். மகள் ஏழு வயதில் பூனை வளர்க்க மனுப் போட்டவள். நான் ஆணையிடுமுன்பே அதே மனுவோடு அம்மாவிடமும் போனாள். இரண்டையும் தள்ளுபடி செய்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது.

அந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. தமிழில் தட்டச்சு செய்தது. ஆறு பத்தி. நான் கப்பலுக்கு எழுதிய அதே ஆறு பத்தி, பெயர்களும் இடங்களும் மட்டும் மாறியிருந்தன. அவள் கம்பெனியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டும் ஒருவர், தாயில்பட்டிக்காரர், அப்பா இல்லை, அம்மா அங்கேயே பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவரைக் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். பிறந்த குடும்பம் பற்றிய நான்காவது பத்தியைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழாக்கியிருந்தாள்.

என் மனைவி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "எந்த ஆளுகளாம்?"

மகள் சொன்னாள். மனைவி எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தாள்.

நான் மறுக்கவில்லை. இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கே கேவலமாக இருக்கிறது. மறுத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். எந்த அலுவலகத்திலும் தெரிந்த உண்மை: மறுப்பாணைக்கு மேல்முறையீடு உண்டு, நிலுவைக்குக் கிடையாது. ஒரு மனுவைக் கொல்ல வேண்டுமானால் அதன்மேல் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால் போதும்.

கூடுதல் விவரம் தேவை, ஆளை வரச்சொல் என்றேன்.

வந்தார். வெயில் இறங்காத நேரம். நகக்கண்ணில் நீல மை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் படிப்பு, சம்பளம், வீட்டுப் பட்டா யார் பெயரில் என்று நேர்காணல் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல், அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பாப்பேன்யா. இவுகதான் சிடி குடுப்பாக. ஆனா நான் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் கட்சி."

மகள் முறைத்தாள். "அப்பா முன்னாடி கூடவா?"

"உள்ளதைத்தான சொல்லுதேன். எஞ்சின் ரூம் ஆளு மேல வரமாட்டான்யா. வந்தா எஞ்சின் நின்னுரும். அவன் வருவான் வருவான்னு அந்தப் பொண்ணு எம்புட்டு நாளைக்கு மேல்தட்டுல நிக்கும்?"

"கூப்பிட்டா வருவான்," என்றாள் மகள்.

"கூப்பிட வேண்டியது அவுக இல்லீகளே," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காப்பித் தம்ளரைப் பார்த்தார்.

எனக்கு அவரைப் பிடித்தது. பிடித்ததால் என் கோப்பில் எதுவும் மாறவில்லை. ஆடி வரட்டும் என்றேன். ஆடிப் பதினெட்டுக்கு எல்லாக் கம்பெனியும் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடும், அதுவரை அவர்களுக்கே மூச்சுவிட நேரமிருக்காது. ஆடி முடிந்ததும் தீபாவளி சீசன், அவர் அம்மா வேலையை விட்டு வரமுடியாது என்றேன். பிறகு மார்கழி. பிறகு என் தங்கை மகள் கல்யாணம் முடியட்டும், இப்போது பேச்சு கிளம்பினால் அங்கே இடைஞ்சல். ஒவ்வொன்றும் உண்மையான காரணம். பொய்க்காரணம் எழுதும் அளவுக்கு நான் மட்டமான குமாஸ்தா இல்லை.

"ஏங்க, ஆமாங்கவும் மாட்டேங்கீக, இல்லைங்கவும் மாட்டேங்கீக," என்றாள் மனைவி ஒருநாள். "எனக்கும் இது பிடிக்கலதான். ஆனா பிடிக்கலைன்னு நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நீங்க என்ன செய்யுறீக?"

"பரிசீலனையில் இருக்கு."

"அவ என்ன ரேசன் கார்டா கேட்டா?"

அலுவலகத்தில் கால் புக் என்று ஒரு பதிவேடு உண்டு. இப்போதைக்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்று ஆகும் கோப்பை அதில் ஏற்றிவிட்டால், நிலுவைக் கணக்கிலிருந்து அது மறைந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, நிலையில் மாற்றமில்லை என்று எழுதி மறுபடி வைக்க வேண்டும். நான் மகளின் தாளை மேசையின் கீழறையில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன்.

அவள் களத்தில் எழுதுவது குறைந்தது. தொடரிலும் கதை நகரவில்லை. தலைவி இருவரையும் பார்ப்பாள், கப்பலில் தீப்பிடிக்கும், பாகம் முடிந்துவிடும். தொடரை எடுப்பவர்கள் வேண்டுமென்றே இழுக்கிறார்கள், யாரைச் சொன்னாலும் பாதிப் பேர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று சிங்கப்பூர்க்காரர் எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு, தொழில் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கேட்பீர்கள். அவளுக்கு வயது வந்துவிட்டது, சட்டம் இருக்கிறது, பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. அந்தப் படிவம் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், எத்தனை சாட்சி என்பதெல்லாம் இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் என்னிடம் கேட்கவில்லை, வேறு எங்கும் போகவுமில்லை. ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது அதே பொருளில் இன்னொரு இடத்தில் மனுப் போடக்கூடாது. பூனை விவகாரத்தில் அவள் அம்மாவிடம் போனபோது நான்தான் அவளை உட்காரவைத்து இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் மறக்கவில்லை. என் ஆணைக்காகக் காத்திருந்தாள். பெற்ற பிள்ளை நம் விதிகளை இவ்வளவு மதிக்கும் என்று எந்தத் தகப்பனும் பயப்படுவதில்லை.

இரண்டாவது தைக்குப்பின் தாயில்பட்டியில் அவருடைய அம்மாவுக்கு இருமல் கூடியது, வேலைக்குப் போகமுடியவில்லை. மகள் சோறு பிசைந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்: "அவுகம்மா ஆனைக்குட்டத்துல பொண்ணு பாத்துட்டாகளாம்."

இதுதான் தருணம் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். நான், "இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லேன்" என்றேன்.

"எதுக்குப்பா?"

இந்த முறை காட்ட என் கையில் ஒரு காரணமும் மிச்சமில்லை. கோப்பிலும் இல்லை.

கம்பெனியில் அடிக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் மாதிரித் தாள்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் பிழை பார்த்து, கீழே "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கம்பெனியில் அதற்கு மதிப்பு இருந்தது. அய்யா பார்த்துவிட்டாரா என்று கேட்ட பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்களாம். வைகாசி முகூர்த்தம் நெருங்கிய ஒரு சனிக்கிழமை ஏழெட்டுத் தாள்கள் கொண்டுவந்து வைத்தாள். நான்காவதோ ஐந்தாவதோ அவருடையது. தாயில்பட்டி என்ற ஊரைப் பார்த்தபின்தான் பெயரைப் பார்த்தேன்.

நிமிர்ந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். வடிவம் அவளே அமைத்தது. அந்த மூலைப்பூ அவள் கைதான் என்று எனக்குத் தெரியும்.

"இதை வேற யாராவது செய்யக்கூடாதா?" என்றேன்.

"சீசன்ல வேற ஆள் இல்லப்பா. மெஷின்லயும் அவுகதான் ஏத்துவாக. பிழை இருக்கா பாருங்க."

பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. பேனாவைப் பிடித்தபடி தாளை வைத்துக்கொண்டே இருந்தேன். ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப்போனேன், கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

அவள் அந்தத் தாளை எடுத்து மறுபடி என் முன்னால் வைத்தாள். "கையெழுத்துப் போட்டுருங்கப்பா. இதையாவது நிலுவையில வைக்காதீக."

அச்சிடலாம் என்று எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த விஷயத்தில் நான் பிறப்பித்த ஒரே ஆணை அதுதான்.

அடுத்த வருடம் தொடர் முடிந்தது. நான் மட்டும் உட்கார்ந்து கடைசிப் பாகத்தைப் பார்த்தேன். தலைவி யாரையும் கட்டவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் தன் நாட்டுக்குப் போனான், எஞ்சின் அறைக்காரன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிக்கொண்டான், கப்பல் போயிற்று. களத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து அழுதது. சிங்கப்பூர்க்காரர் என் மகளின் பெயருக்கு எழுதியிருந்தார்: வக்கீலம்மா எங்கே, இந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர் ஏதும் எழுதவில்லையா?

மகள் அடுக்களையில் அம்மாவுக்குக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"தலைவி யாரையும் கட்டல. சிங்கப்பூர்க்காரர் உன்னைத் தேடுறாரு," என்றேன்.

"அப்படியா." இலையைக் கிண்ணத்தில் போட்டாள். "அவருக்கு என்ன எழுதப்போறீக?"

"நீ சொல்லு, எழுதுறேன்."

"ஒண்ணும் எழுத வேண்டாம்ப்பா."

இப்போதும் அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். மாதிரித் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கேட்டால், பிழை பார்க்க அங்கேயே ஆள் போட்டுவிட்டார்கள் என்கிறாள். வரன் என்று யாராவது பேச்செடுத்தால், "அப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன்.

கீழறையில் அந்தத் தாள் இருக்கிறது. முடிந்துபோன கோப்பை முடிந்தது என்று எழுதி மூடிவிட வேண்டும், அதுதான் முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன், நான்காவது பத்தியைப் படிக்கிறேன், வைத்துவிடுகிறேன்.