கால் எலும்பு முதலில்

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். மலாயில் பதில் வரும். வந்த புதிதில் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்து எரிச்சல்பட்டேன். சிட்டிகள் என்பார்கள் இவர்களை. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த நம்மவர்களின் வாரிசுகள். மாரியம்மன் இருக்கிறாள், பொங்கல் இருக்கிறது, தமிழ் மட்டும் போய்விட்டது. ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் 'அடப் பாவமே' என்று உச்சுக்கொட்டுவீர்கள். எனக்கோ போகப்போக அதுவே நிம்மதியாக இருந்தது. நீ எந்தத் தெரு, யார் மகன் என்று அவர்கள் குடைவதில்லை.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் கடல் தாண்டினேன். என் அப்பா சுடுகாட்டில் பிணம் எரிப்பவர். மீசை முளைக்குமுன்பே சாம்பலைக் கிளறி எலும்பு பொறுக்கியவன் நான். பக்கத்து ஊர் குப்புசாமி கப்பலில் விசாரித்தபோது, "ஏர் ஓட்டுற குடும்பம்" என்று சொல்லிவிட்டேன். மலாக்காவில் இருவருக்கும் சாலை வேலை, ஒரே கூலி லயத்தில் குடியிருப்பு, மூன்று வருடமாக ஒரே சோற்றுப் பானை. என் தட்டிலிருந்து கருவாட்டை அவன் உரிமையாக எடுத்துத் தின்பான். அந்த உரிமைக்காகத்தான் அந்தப் பொய்.

சிட்டிகளின் வீடுகளை ஒட்டிக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தோம். குப்புசாமியின் மண்வெட்டி எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தவன், "ஐயோ சாமி!" என்று அலறிக் கரையேறினான். மனித மண்டையோடு. அதற்குக் கீழே, மண்ணோடு மண்ணாக முழு உடம்பின் எலும்புகள்.

"என்னடா வேடிக்கை? மண்ணோட சேத்து வண்டியில அள்ளுங்கடா. துரை வர்ற நேரம்," என்றார் எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி. ஒருவரும் அசையவில்லை. அவரே மண்வெட்டியைப் பிடுங்கி மண்டையோட்டுக்கு அடியில் கொடுத்தார். அப்போது எதிர் வீட்டிலிருந்து கெபாயா என்ற மலாய்ச் சட்டை அணிந்த ஒரு சிட்டிப் பெண் ஓடிவந்தாள். அது தங்கள் பழைய இடுகாட்டு நிலம், தங்கள் முன்னோர் என்று மலாயில் கதறினாள். மண்டோர் கேட்கவில்லை. தாடை உடையும் சத்தம் கேட்டது.

எரிப்பவனுக்கும் ஒரு முறை உண்டு. என் அப்பா எந்தப் பிணத்தையும் அப்படித் தொட்டதில்லை. "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். மண்டோர் திகைத்து விலகினார். அந்தப் பெண்ணிடம் புதுச் சட்டி கேட்டு வாங்கினேன். கால் எலும்பு முதலில், பிறகு இடுப்பு, விலா, கை, கடைசியாகத் தலை. அப்போதுதான் சட்டிக்குள் மனிதர் உட்கார்ந்த வாக்கில் இருப்பார். கை தானாக வேலை செய்தது. விரல் எலும்பு ஒன்றைக்கூட விடவில்லை.

நிமிர்ந்தபோது குப்புசாமி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் நீ எங்க கத்துக்கிட்ட?" என்றான். சட்டியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

மாலையில் லயத்துக்குத் திரும்பியபோது என் தட்டும் குவளையும் வெளித்தாழ்வாரத்தில் கிடந்தன. "மூணு வருசம் கூட இருந்து ஏமாத்திட்டியேடா," என்று குப்புசாமி உள்ளேயிருந்து சொன்னான். அவன் குரல் உடைந்திருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்பட்டேன் என்பதை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது.

சில நாள் கழித்து அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். முன்னோருக்குப் படையலாம், அவசியம் வரவேண்டுமாம். வாசலோடு நின்ற என்னைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போய், படையல் இலைக்குப் பக்கத்திலேயே ஓர் இலை போட்டாள். "பண்டாரமா?" என்று பணிவாகக் கேட்டாள். கோயில் பூசாரியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அவ்வளவு முறையாக எலும்பு எடுத்தவன் வேறு யாராக இருக்க முடியும் அவளுக்கு? இல்லை என்று தலையாட்டினேன். நான் யாரென்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? நான் தலையாட்டியதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, "மாக்கான், மாக்கான்" என்று சாப்பிடச் சொல்லி இன்னும் சோறு வைத்தாள். பூசை நடக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புறப்படும்போது சோறும் பலகாரமும் இலையில் கட்டிக் கொடுத்தாள். "உங்கள் ஆட்களுக்கு," என்றாள் மலாயில்.

பொட்டலம் கையில் சுட்டது. கால்வாய்க் கரையில், அந்தக் குழி இருந்த இடத்தில் நின்றேன். முன்னால் என் தட்டை வெளியே தள்ளிய லயம், பின்னால் நான் யாரென்று அறியாத அந்த வீடு. பொட்டலம் ஆறும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.