பேட்ஜ் வாங்கிய ஆட்டோக்காரர்

காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் விற்கப் போக எனக்கு ஒரு ஆட்டோக்காரர் வாய்த்தார். பேர் கேட்டதில்லை. பனைமரத்தை மடக்கி ஆட்டோவுக்குள் வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ரோட்டில் போலீஸ்காரரைக் கண்டால் போதும், வண்டி தானாகச் சந்துக்குள் திரும்பிவிடும். வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டும்; எட்டாவது பாஸ் செய்தவருக்குத்தான் அது என்று அப்போது சட்டம். இவர் அஞ்சாவதோடு நின்றவர். பேட்ஜ் இல்லாமல் மாட்டினால் பிழைப்பு போய்விடும்.

"இன்னா நைனா, மீனுக்கு ஊர சுத்திக் காட்டறியா?" என்பேன்.

"ஐஸ்லதான கீது ஆயா. கம்முனு வா" என்பார்.

பிறகு சட்டத்தை மாற்றினார்கள். படிப்பு வேண்டாம், ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் போதும் என்றார்கள். ஓட்டிக் காட்டி, பேட்ஜ் வாங்கி, சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மெயின் ரோட்டிலேயே போனோம். ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் அவரே வண்டியை நிறுத்தினார்.

"சார், பேட்ஜ் பாக்கலியா?"

"வண்டிய எடுய்யா, பின்னாடி எத்தினி வண்டி நிக்குது பாரு."

இவர் முகம் கருவாடாகச் சுருங்கிவிட்டது. "இத்தினி வருசம் பயந்துகினு ஓடுனேன் ஆயா. இப்ப ஒருத்தனும் கேக்க மாட்டேன்றான்."

"ஓரங்கட்டு நைனா. எங்க உன் பேட்ஜி? காட்டு" என்றேன்.

இறங்கி வந்து, கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா கீது, போலாம்" என்றேன். சல்யூட் அடித்தார்.

அடுத்த முனையில் இன்னொரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டி சட்டென்று சந்துக்குள் திரும்பியது. மீன்கூடை குலுங்க இரண்டு பேரும் சிரித்தோம். திருப்பியது அவரா வண்டியா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.